இரத்தம் தந்தால்தான் மகளா?

இருப்புப்பாதையும் சாலையும் சந்திக்கும் இடம். கதவு அடைபட்டுக் கிடக்கிறது. ஓரத்திலே சிறியதொரு நினைவுச்சின்னம். அதிலே ஒரு பெண்ணின் வடிவம். யார் இவள், எதற்காக இங்கே என்ற கேள்வி எழுகிறது, கதை விரிகிறது. 1936ஆம் ஆண்டில் பம்பாய் டாக்கீஸ் நிறுவனம் வெளியிட்ட ‘அச்சூத் கன்யா’ என்னும் இந்திப் படத்தின் தொடக்கம் இது. ‘தீண்டத்தகாத கன்னி’ என்பது அந்தப் பெயரின் பொருள். வாழ்ந்தபோது தீட்டு என்று விலக்கப்பட்டவள், மாண்டபின் வணக்கத்திற்குரியவளானாள்! வடநாட்டுத் திரைக்காதலின் வரலாற்றை எழுதப் புகுவோர், அந்த நினைவுச்சின்னத்தருகே சற்று நின்றுவிட்டுத்தான் மேலே நடக்கவேண்டும்.

இந்திப் படங்களைப் பற்றி நமக்கென்ன கவலை என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். இந்தித் திணிப்பை எதிர்த்தோம், எதிர்க்கிறோம். திணிப்பை எதிர்ப்பது வேறு. அம்மொழியிலே அழுதும் சிரித்தும் வாழும் மக்களின் கலையை ஆராய்வது வேறு. பஞ்சாபிலிருந்து வங்கம்வரை கோடிக்கணக்கான ஏழைகள், காலணாவும் அரையணாவும் சேர்த்து வைத்துக் கொட்டகைக்குள் நுழைந்து, இருட்டிலே உட்கார்ந்து கண்ணீர் வடித்த கதைகள் அவை. காதலையே மூலதனமாகக் கொண்டு வணிகம் நடத்திய படவுலகம், வழியிலே சாதியைச் சந்தித்தபோது என்ன செய்தது? எதிர்த்து நின்றதா, ஒதுங்கி நடந்ததா, பேரம் பேசிற்றா? நாம் கேட்க விரும்புவது இதுதான்.

‘அச்சூத் கன்யா’வின் கதை எளியது. இருப்புப்பாதைக் கதவைக் காக்கும் துக்கியா, தீண்டாச் சாதி என்று ஒதுக்கப்பட்டவன். பாம்பு கடித்த பார்ப்பனர் மோகன் என்பவரின் உடலிலிருந்து நஞ்சை வாயால் உறிஞ்சி அவர் உயிரைக் காக்கிறான். இரு குடும்பமும் நட்புக்கொள்கிறது. துக்கியாவின் மகள் கஸ்தூரி. மோகனின் மகன் பிரதாப். ஒன்றாக விளையாடியவர்கள், ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். ஊர் சும்மா இருக்குமா? நஞ்சை உறிஞ்சிய வாய் தீட்டாகத் தெரியவில்லை. நட்புக்கொண்ட நெஞ்சு தீட்டாகத் தெரிகிறது. கூட்டம் மோகனின் வீட்டைத் தாக்குகிறது. காதலர் பிரிகின்றனர். கஸ்தூரிக்கு அவள் சாதியில் ஒருவன். பிரதாப்புக்கு அவன் சாதியில் ஒருத்தி. அதன்பின் ஐயம், பொறாமை, சூழ்ச்சி. கஸ்தூரியின் கணவனும் பிரதாப்பும் இருப்புப்பாதையருகே கட்டிப்புரண்டு சண்டையிடும்போது புகைவண்டி வருகிறது. அதை நிறுத்தக் கைவீசிக்கொண்டு ஓடுகிறாள் கஸ்தூரி. வண்டி நின்றது, அவள் உயிரும் நின்றது.

இதிலே ஒன்றைக் கவனிக்கவேண்டும். காதலர்கள் சாதியை மீறவே இல்லை. மீறலாம் என்று எண்ணவுமில்லை. பிரதாப் என்ன செய்கிறான்? தானும் தீண்டாச் சாதியிலே பிறந்திருக்கக்கூடாதா என்று ஏங்குகிறான். சாதி ஒழியக்கூடாதா என்று அவன் ஏங்கவில்லை. தன் பிறப்பு மாறியிருக்கக்கூடாதா என்றே ஏங்குகிறான்! சாதியின் கட்டளைப்படி இருவரும் வேறுவேறு மணம் செய்துகொண்ட பிறகும் ஓர் உயிர் கேட்கப்படுகிறது. கேட்கப்பட்டது பார்ப்பன இளைஞனின் உயிரன்று.

படம் வெளிவந்த ஆண்டை மறுபடியும் நோக்குக. 1932இல் பூனா ஒப்பந்தம். அதே ஆண்டில் காந்தியாரின் அரிசன சேவா சங்கம். தீண்டாமை பாவம், உயர்ந்த சாதியார் மனம் இரங்கவேண்டும் என்ற பரப்புரை நாடெங்கும் நடந்துகொண்டிருந்தது. படம் அந்தப் பரப்புரையின் பிள்ளை. ஆனால் 1935 அக்டோபரில் இயோலா மாநாட்டிலே அண்ணல் அம்பேத்கர், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்துவிட்டார். 1936இல் லாகூரின் சாதி ஒழிப்புச் சங்கத்தார் அவரைத் தலைமையுரைக்கு அழைத்தனர். உரையின் படியைப் பார்த்ததும் அஞ்சி மாநாட்டையே கைவிட்டனர். அவர் அந்த உரையைத் தம் செலவிலே நூலாக அச்சிட்டார். பெரியார் அதனைக் ‘குடிஅரசு’ வழியாகத் தமிழ் மக்களுக்குத் தந்தார். அந்நூலில் அண்ணல் கூறிய மருந்து என்ன? உடன் உண்பது போதாது. கலப்பு மணமே உண்மை மருந்து. அதற்குத் தடையாக நிற்கும் சாத்திரங்களின் அதிகாரத்தைத் தகர்க்கவேண்டும் என்றார். ஒரே ஆண்டிலே இரண்டு குரல்கள். ஒன்று, கலப்பு மணம் செய் என்றது. மற்றொன்று, கலப்புக் காதலைக் காட்டிவிட்டு, காதலியைப் புகைவண்டியின் முன்னே தள்ளிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நேருவும் சரோசினி அம்மையாரும் இப்படத்தைக் கண்டனர் என்பார்கள். அண்ணலின் உரையைக் கேட்கத்தான் லாகூரில் அரங்கு கிடைக்கவில்லை!

படத்தை எடுத்தவர்களின் வரலாறு படத்தைவிடச் சுவையானது. கஸ்தூரியாக நடித்தவர் தேவிகாராணி. தாகூர் குடும்பத்தின் உறவினர். திருத்திய புருவத்தோடும் குலையாத ஒப்பனையோடும் தோன்றிய அந்தத் ‘தீண்டத்தகாத கன்னி’யைப் பார்த்தால், சேரியைத் தொலைவிலிருந்து கண்டவர்கள் எடுத்த படம் என்பது விளங்கிவிடும். பிரதாப்பாக வந்த அசோக்குமார் அதே நிறுவனத்தின் படச்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். கதை எழுதிய நிரஞ்சன் பால், விடுதலைப் போராட்டத் தலைவர் விபின் சந்திர பாலின் மகன். இயக்கியவர் செருமானியரான பிரான்சு ஆஸ்டன்; இட்லரின் நாத்சிக் கட்சியிலே உறுப்பினராக இருந்தவர்! 1939இல் போர் மூண்டதும் ஆங்கில அரசு அவரைச் சிறைப்படுத்தியது. பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டு என்னும் கட்சிக்காரர், பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது என்னும் படத்தை இயக்கினார். இசையமைத்த அம்மையாரின் கதையோ இன்னும் கூர்மையானது. பார்சி இனத்தில் பிறந்த அவருடைய இயற்பெயர் குர்சேத். பார்சிப் பெண் படத்தொழிலில் இறங்குவதா என்று அவர் சமூகத்தார் கொதித்தெழவே, சரசுவதி தேவி என்ற பெயருக்குள் ஒளிந்துகொண்டு பாடல்களுக்குப் பண் அமைத்தார். ஊர்க்கட்டுப்பாட்டைக் கண்டித்த படத்திலேயே ஊர்க்கட்டுப்பாட்டுக்கு அஞ்சிய ஒரு பெயர் பொறிக்கப்பட்டது.

விடுதலை வந்தது. 1951இல் இராசுகபூர் ‘ஆவாரா’வைக் கொண்டுவந்தார். அதில் சாதி என்ற சொல் இல்லை. ஆனால் சாதியின் வேர் இருக்கிறது. நல்லவன் மகன் நல்லவனாவான், திருடன் மகன் திருடனாவான் என்று தீர்ப்புக் கூறும் ஒரு நீதிபதி. கொள்ளைக்காரனால் கடத்தப்பட்டு மீண்ட தன் மனைவியை, வயிற்றுப்பிள்ளையோடு தெருவிலே தள்ளுகிறார் அவர். இராமாயணத்தை அறிந்தோர்க்கு இந்த நீதிபதியின் மரபு எதுவெனச் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பிள்ளை சேரிக்குடிசையிலே வளர்ந்து திருடனாகிறான். கல்வியறிவு பெற்ற ஒரு பெண் அவனைக் காதலிக்கிறாள். நீதிமன்றத்திலே அவனுக்காக வாதாடுகிறாள். பிறப்பன்று, வளர்ப்பே மனிதனை ஆக்குகிறது என்பது படத்தின் வாதம். கதையை வகுத்த குவாசா அகமது அப்பாசு பொதுவுடைமைச் சிந்தனையாளர். சோவியத்து நாட்டிலே இப்படம் பெற்ற வரவேற்பை உலகறியும்.

பாராட்டுவோம். ஆனால் பகுத்தறிவாளர் பாராட்டோடு நின்றுவிடலாகாது. அந்தத் திருடன் யார்? நீதிபதியின் சொந்த மகன்! உயர்குடியிற் பிறந்தவன் தாழ்ந்த சூழலிலே கெட்டான் என்பதைப் படம் மெய்ப்பித்துவிட்டது. தாழ்ந்தது எனப்பட்ட குடியிற் பிறந்தவன் உயர்ந்த சூழலிலே உயர்வான் என்ற மறுபாதி மெய்ப்பிக்கப்படவில்லை. காதலியின் கைபிடிக்கத் தகுந்தவனுக்கு, கடைசியிலே, ‘நல்ல பிறப்பு’ம் கண்டெடுத்துத் தரப்படுகிறது. வாதத்திலே முக்கால் தூரம் நடந்தவர்கள், கால் தூரத்திலே களைத்துவிட்டார்கள்.

அந்தக் கால் தூரத்தை நடக்கப் புறப்பட்டவர் விமல் ராய். 1959இல் வெளிவந்த ‘சுசாதா’, வங்க எழுத்தாளர் சுபோத் கோசின் கதை. வாந்திபேதியில் பெற்றோரை இழந்த தீண்டாச் சாதிக் குழந்தை ஒன்று, பொறியாளர் ஒருவரின் வீட்டுக்கு வந்துசேர்கிறது. பெயர் சுசாதா, ‘நற்பிறப்புடையாள்’ என்பது பொருள். பெயரிலேயே ஒரு குத்தல் இருக்கிறது. பொறியாளர் உபேனுக்கு இரக்கம் உண்டு. அவர் மனைவி சாருவுக்கும் இரக்கம் உண்டு. ஆனால் இரக்கத்துக்கு எல்லையும் உண்டு. சொந்த மகள் ரமா கல்லூரிக்குப் போகிறாள். சுசாதா வீட்டு வேலையைப் பார்க்கிறாள். வருவோர் போவோரிடம் சுசாதாவை எப்படி அறிமுகப்படுத்துகிறாள் சாரு? ‘மகள்’ என்றா? இல்லை, ‘மகள் மாதிரி’! அந்த ‘மாதிரி’ என்ற ஒரு சொல்லிலே சாதியின் முழுச் சட்டமும் அடங்கிக் கிடக்கிறது. ஒருவேளை சோறு போடுவார்கள், உடை கொடுப்பார்கள், நோயுற்றால் மருந்தும் கொடுப்பார்கள். ‘மாதிரி’யை மட்டும் எடுக்கமாட்டார்கள். நூட்டனின் முகத்திலே அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் விழுந்து எழும்போது, அவர் பேசாமலே அதற்கு மறுமொழி சொல்லிவிடுகிறார். அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான பிலிம்பேர் பரிசு அவருக்குக் கிடைத்ததிலே வியப்பில்லை.

தொடக்கத்திலே ஒரு புரோகிதர் வருகிறார். தீண்டாச் சாதியார் உடலிலிருந்து ஒருவகை நச்சுக் காற்று வெளிப்படுகிறது என்று ‘விஞ்ஞானம்’ பேசுகிறார்! வேதத்தைச் சொன்னால் இந்தக் காலத்தில் நகைப்பார்கள் என்று தெரிந்துகொண்டு, விஞ்ஞானத்தின் பெயரால் வேதத்தை விற்கும் வித்தை. இன்றும் அந்தக் கடை மூடப்படவில்லை என்பதை நாம் அறிவோம்.

அதீர் என்னும் பார்ப்பன இளைஞனுக்கு ரமாவை மணமுடிக்கக் குடும்பத்தார் எண்ண, அவன் மனமோ சுசாதாவை நாடுகிறது. அவன் தொலைபேசியிலே பாட, மறுமுனையிலே அவள் பேச்சற்று நிற்கும் காட்சி, தலத் மகமூதின் குரலோடு இன்றும் நெஞ்சை விட்டகலாதது. தொலைபேசிக் கம்பிக்குத் தீட்டில்லை. குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. தாகூரின் ‘சண்டாளிகை’ நாட்டிய நாடகமும் படத்தினுள்ளே இடம்பெறுகிறது. உண்மை தெரிந்த சுசாதா சாகத் துணிந்து ஆற்றங்கரைக்குப் போகிறாள். அங்கே காந்தியார் நினைவு அவளைத் தடுக்கிறது. அண்ணல் அம்பேத்கர் நாகபுரியிலே இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. அதற்கு மூன்றே ஆண்டுக்குப் பின் வந்த படம் இது. ஆயினும் சுசாதாவுக்கு ஆறுதல் சொல்ல ஒரு சிலைதான் கிடைத்தது; அவளைப் போன்றோர் கூடி நின்று எழுப்பிய இயக்கம் அவள் கண்ணிலே படவே இல்லை. அவளுக்கு ஒரு சேரி இல்லை, சுற்றம் இல்லை, தோழி இல்லை. தன் மக்களை அறியாத தனி ஒருத்தியாகவே அவள் வளர்க்கப்பட்டாள். தனி ஒருத்தியாகவே மன்னிக்கப்பட்டாள்.

இனி அந்த முடிவு. சாரு மாடிப்படியிலிருந்து விழுகிறாள். இரத்தம் தேவை. பெற்ற மகளின் இரத்தம் பொருந்தவில்லை. சுசாதாவின் இரத்தம் பொருந்துகிறது. தாய் பிழைக்கிறாள், ‘மாதிரி’ மறைகிறது, சுசாதா மகளாகிறாள், மணம் நிறைவேறுகிறது. புரோகிதரின் நச்சுக் காற்றுக்கு மருத்துவரின் சோதனைக்குழாய் மறுப்புரைக்கிறது. இரத்தத்தில் பிரிவுகள் உண்டு என்று 1901இல் லாண்ட்சுடைனர் கண்டறிந்தார்; அந்தப் பிரிவுகளுக்கும் வருணங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதனை இலட்சக்கணக்கான மக்களுக்கு ஒரே காட்சியிலே உணர்த்திய விமல் ராய்க்கு நம் நன்றி உரியது. 1950களின் வடநாட்டிலே, தீண்டாச் சாதிப்பெண் ஒருத்தியைச் சாகடிக்காமல், பார்ப்பன இளைஞனுக்கு மணமுடித்து வைத்துப் படத்தை முடிப்பது துணிவுதான்.

ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை: அவளுடைய இரத்தமும் பொருந்தாமற் போயிருந்தால்? அப்போது அவள் மகளா, ‘மாதிரி’யா? ரமாவின் இரத்தம் பொருந்தவில்லை. அதனால் அவள் மகளல்லள் என்று எவரும் சொல்லவில்லையே! ஒருத்தி பிறந்ததாலேயே மகள். மற்றொருத்தி இரத்தம் கொடுத்தால் மகள். துக்கியா நஞ்சை உறிஞ்சினான். கஸ்தூரி உயிரைக் கொடுத்தாள். சுசாதா இரத்தத்தைக் கொடுத்தாள். இருபத்து மூன்று ஆண்டுகளில் விலை குறைந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். விலை கேட்பது நிற்கவில்லை. மேல்சாதியார் மனிதராக மாறுவதற்கு ஒடுக்கப்பட்டோர் ஏன் ஏதாவதொன்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்?

சட்டம் அதற்குள் முன்னே போய்விட்டது. சாதி கடந்த இந்து மணங்கள் செல்லும் என்று 1949லேயே சட்டம் வந்தது. 1954இல் தனித் திருமணச் சட்டம். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். இங்கே, புரோகிதரில்லாச் சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967இல் அண்ணா ஆட்சி சட்ட ஏற்பு அளித்தது. அதீரும் சுசாதாவும் பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று கையெழுத்திட்டிருந்தால், மாடிப்படியும் வேண்டாம், மருத்துவமனையும் வேண்டாம். கதை சீக்கிரம் முடிந்திருக்கும் என்பதுதான் குறை.

அதன்பின் இந்திப் படவுலகம் நீண்டகாலம் வேறு கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. 1960இல் ‘முகலே ஆசம்’. அரசனுக்கும் அடிமைப்பெண்ணுக்கும் நடந்த போராட்டம். அரியணையின் முன் அஞ்சாத காதல். 1973இல் ‘பாபி’, செல்வர் வீட்டுப் பையன், கிறித்துவ மீனவரின் மகள். பணம் தடை, மதம் தடை, தந்தையின் தன்மானம் தடை. சாதி என்ற சொல் மட்டும் உரையாடலிலிருந்து ஆவியாகிவிட்டது. நாயகர்களுக்குக் குடும்பப்பெயர் இருந்தது. அது பெரும்பாலும் எந்தச் சாதியின் பெயராக இருந்தது என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

1974இல் சியாம் பெனகல் ‘அங்குர்’ எடுத்தார். ஐதராபாத்துப் பக்கத்துச் சிற்றூர். பண்ணையார் மகனுக்கும் வீட்டுவேலை செய்யும் தாழ்த்தப்பட்ட குடிப்பெண் இலட்சுமிக்கும் உறவு ஏற்படுகிறது. அவள் கையால் உண்டவன், அவள் கருவுற்றதும் கைவிடுகிறான். வேலை கேட்டு வந்த அவள் ஊமைக் கணவனைச் சாட்டையால் அடிக்கிறான். இறுதியிலே ஒரு சிறுவன் கல்லை எடுத்துப் பண்ணை வீட்டின் சன்னலை நோக்கி எறிகிறான். கொட்டகைகளைக் குலுக்கிய காதற்படமன்று இது. ஆயினும், கொடுத்துக் கொடுத்து ஓய்ந்த கையிலே முதன்முதலாக ஒரு கல் இருந்தது.

2015இல் வந்த ‘மசான்’ காசி நகரத்துக் கதை. சுடுகாட்டிலே பிணம் எரிக்கும் டோம் குலத்து இளைஞன் தீபக், மேல்சாதிப் பெண் ஒருத்தியைக் காதலிக்கிறான். தன் குலத்தை மறைக்காமல் சொல்கிறான். அவளும், பெற்றோர் இசையாவிட்டால் வீட்டைவிட்டு வரத் துணிகிறாள். அந்தத் துணிவு செயலாகும் முன்பே பேருந்து விபத்தில் அவள் இறக்கிறாள். எரிக்க வந்த உடல்களிடையே, விரலிலிருந்த மோதிரத்தைக் கொண்டு அவளை அடையாளம் காண்கிறான். மிகச் சிறந்த காட்சி. ஆனால் அந்தப் பெண்ணின் பெற்றோர் கதவைத் திறந்திருப்பார்களா என்ற கேள்வியையும் சேர்த்தே எரித்துவிட்டது அந்தச் சிதை.

அடுத்த ஆண்டு, 2016 ஏப்ரலில், மராத்தியிலே நாகராசு மஞ்சுளேயின் ‘சைராட்’. ஒடுக்கப்பட்ட மக்களிடையே பிறந்தவர் அவர்; அதனால் தொலைவிலிருந்து பார்க்கவேண்டிய தேவை அவருக்கில்லை. ஊர்ப் பெருநிலக்காரரின் மகளும் மீன்பிடிக்கும் குடும்பத்துப் பையனும் ஓடிப்போய், உழைத்து, வீடு கட்டி, குழந்தை பெற்று வாழ்கிறார்கள். தாய்வீட்டுச் சீரோடு உறவினர் வருகின்றனர். சற்று நேரம் கழித்துத் திரும்பிய பச்சிளங்குழந்தை, பெற்றோரின் இரத்தத்தை மிதித்துக்கொண்டு வெளியே நடக்கிறது. இசையில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான், பெரியார் பிறந்த இதே தமிழ்நாட்டிலே, உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். வடநாட்டைப் பார்த்து விரல் நீட்டும்போது நம் விரலையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கலப்பு மணங்கள் நாட்டின் நலனுக்கு உகந்தவை என்று உச்சநீதிமன்றம் 2006லேயே கூறியிருந்ததை வெட்டியவர்கள் படித்திருக்கவில்லை போலும்.

‘சைராட்’ பெருவெற்றி பெற்றதும், அதனை இந்தியிலே 2018 சூலையில் ‘தடக்’ என்று எடுத்தனர். களம், இராசபுதனத்து உதயப்பூர். அரண்மனைகள் பளபளத்தன, ஏரிகள் மின்னின. சாதி ஓரிரு சொற்களிலே முணுமுணுக்கப்பட்டு அடங்கியது. முடிவும் மாறிற்று: மூலத்திலே இருவரும் மாண்டனர், குழந்தை பிழைத்தது. இந்தியிலே காதலனும் குழந்தையும் கொல்லப்படுகின்றனர். உயர்குடிப் பெண் உயிரோடு நிற்கிறாள். எண்பத்திரண்டு ஆண்டுக்கு முன் இருப்புப்பாதையருகே பிரதாப் உயிரோடு நின்றானே, அதே இடத்தில்.

அதே 2018 செப்டம்பரில் தமிழிலே மாரி செல்வராசின் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. நெல்லைச் சட்டக் கல்லூரியிலே படிக்கும் ஒடுக்கப்பட்ட குடிப்பிள்ளை ஒருவன்; அவனிடம் அன்பு காட்டும் உயர்சாதி மாணவி. அவமானம், அடி, கொலைமுயற்சி எல்லாம் வருகின்றன. ஆனால் அவன் இரத்தம் கொடுத்து எவர் மனத்தையும் மாற்றவில்லை. பெண்ணின் தந்தையோடு நேருக்குநேர் பேசுகிறான். நீங்கள் நீங்களாகவே இருக்கும்வரை எதுவும் மாறாது என்னும் பொருளிலே சொல்கிறான். மேசைமேல் இரண்டு தேநீர்க் குவளைகள். நடுவே ஒரு மல்லிகைப் பூ. கஸ்தூரிக்கு நினைவுச்சின்னம் எழுப்பிய படவுலகம், இந்தப் படத்தைத் தேடிவந்து கேட்டு வாங்கிக்கொண்டது. 2025 ஆகத்து முதல் நாள் ‘தடக் 2’ என்ற பெயரில் அது இந்தியிலே வெளியாயிற்று. தணிக்கைக் குழுவினர் அதற்கு முன்னரே அதைப் பார்த்தனர். பல இடங்களிலே மாற்றம் கேட்டனர். சாதியின் பெயரால் வீசப்படும் இழிசொற்களின் ஒலியை நீக்கச் சொன்னார்கள். கல்லூரி வளாகத்திலே அந்தச் சொல்லைக் கேட்டுக் கூனிக்குறுகி நிற்கும் மாணவனின் முகம் திரையிலே இருக்கிறது. எதைக் கேட்டுக் குறுகினான் என்பது நம் காதில் விழவில்லை.